மறைந்த பாதையும் மறைபெட்டியும்

கிருஷ்ணகிரிக்கு ஒரு காலத்தில் ரயில் வந்துபோய்க்கொண்டிருந்தது என்று சொன்னால், அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த இளைஞர்கள்கூட நம் முகத்தைச் சற்றுச் சந்தேகத்துடன்தான் பார்க்கிறார்கள். அவர்கள் சந்தேகப்படுவதில் நியாயம் உண்டு. ஸ்ரீநகரிலிருந்து கன்னியாகுமரிக்குச் செல்லும் நெடுஞ்சாலையும், சென்னையிலிருந்து பெங்களூர் வழியாக டில்லிக்குச் செல்லும் நெடுஞ்சாலையும் வந்து கூடுகிற சந்திப்பாகவும், 2004-ஆம் வருஷம் முதல் ஒரு மாவட்டத்தின் தலைநகராகவும் விளங்குகிற அந்த நகரத்துக்காரர்கள், ரயில் ஏற வேண்டுமானால் ஓசூருக்கோ தருமபுரிக்கோ திருப்பத்தூருக்கோ பஸ் பிடித்துத்தான் போகவேண்டியிருக்கிறது. ஆயினும் 1905-ஆம் வருஷத்தில் திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரி வரை சுமார் 25 மைல் தூரத்துக்கு ஒரு குறுகிய ரயில்பாதை திறக்கப்பட்டதும், அடுத்த வருஷம் மொரப்பூரிலிருந்து தருமபுரி வரை 18 மைல் தூரத்துக்கு அதைப் போலவே மற்றொன்று திறக்கப்பட்டதும், அந்த இரண்டாவது பாதை 1913-இல் பாலக்கோடு, மாரண்டஅள்ளி, ராயக்கோட்டை வழியாக மலையேறி ஓசூரையே எட்டிவிட்டதும் சரித்திர உண்மைகள். ஒரு தலைமுறைக் காலம் ஜனங்களையும் தானியத்தையும் சுமந்த அந்தப் பாதைகள், இரண்டாம் உலகப் போரின் ஆரம்ப வருஷங்களுக்குள் மூடப்பட்டு, தண்டவாளங்களும் பெயர்த்தெடுக்கப்பட்டு, ஊர் ஞாபகத்திலிருந்தே மறைந்துபோயின.

இப்படி மறைந்துபோன ஒன்றை மறுபடியும் ஜனங்களின் மனத்தில் நிலைநிறுத்துவது எப்படி? கல்வெட்டு நாட்டலாம், மேடை போட்டுப் பேசலாம், புஸ்தகம் எழுதலாம். அவையெல்லாம் வேண்டியவையே. ஆனால் நான் இந்தக் கட்டுரையில் சொல்ல வருவது, உலகத்தில் இப்போது லட்சக்கணக்கானவர்கள் ஈடுபட்டிருக்கிற ஒரு விளையாட்டைப் பற்றி. கர்நாடக எல்லையை ஒட்டிய நம்முடைய பிரதேசத்தின் பழைய ரயில்பாதைக்கு அந்த விளையாட்டு மிகவும் பொருத்தமாக அமையக்கூடும் என்பது என் அபிப்பிராயம்.

அதை நான் முதன்முதலில் கண்டது நம் நாட்டில் அல்ல. சில வருஷங்களுக்கு முன்பு இங்கிலாந்தில் என் தங்கை மகனுடன் ஒரு சின்ன ஊர் ரயில் நிலையத்தில் வண்டிக்காகக் காத்திருந்தபோது, அவன் திடீரென்று கைப்பேசியை எடுத்துப் பார்த்துவிட்டு, "மாமா, வண்டிக்கு இன்னும் இருபது நிமிஷம் இருக்கு, வாங்க ஒரு விஷயம் காட்டுறேன்" என்று நிலையத்தின் வெளிப்புறமாக அழைத்துப் போனான். நடைபாதையை ஒட்டியிருந்த இரும்புக் கிராதியின் அடிப்பக்கத்தில் விரலால் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டே வந்தவன், ஓரிடத்தில் நின்று, கட்டைவிரல் பருமனுள்ள ஒரு கறுப்புக் குப்பியைப் பிடுங்கி எடுத்தான். அதன் முதுகில் ஒரு சின்னக் காந்தம் ஒட்டியிருந்தது. மூடியைத் திருகினால், உள்ளே சுருட்டிவைத்த ஒரு காகிதப் பட்டை. அதில் நெருக்கி நெருக்கி எழுதிய தேதிகள், பெயர்கள். "பேனா இருக்கா மாமா? இவ்வளவு சின்னதில் பேனா வைக்க முடியாது, தேடுறவங்கதான் கொண்டுவரணும்" என்றான். கொடுத்தேன். முழங்காலின் மேல் காகிதத்தை வைத்துத் தன் பெயரை எழுதி, பழையபடி சுருட்டி, இருந்த இடத்திலேயே ஒட்டவைத்துவிட்டு, ஒன்றுமே நடவாததுபோல என்னுடன் திரும்பி நடந்தான். பிரிட்டனின் ரயில் நிலையங்களுக்கு அருகே இப்படி வைக்கப்பட்ட குப்பிகளின் வரிசைக்கு 'சைட்டிராக்டு' என்றே ஒரு பெயர் இருப்பதையும், ரயிலுக்குக் காத்திருப்பவர்களின் பொழுதை நல்ல விதமாகக் கழிக்கவே அவற்றை வைத்திருக்கிறார்கள் என்பதையும் வண்டியில் ஏறிய பிறகு விளக்கினான்.

இந்த விளையாட்டுக்கு ஜியோகேஷிங் என்று பெயர். ஒளித்துவைக்கிற பொருளை ஜியோகேஷ் என்கிறார்கள். நம் சௌகரியத்துக்கு அதை மறைபெட்டி என்று வைத்துக்கொள்ளலாம். ஒருவர் ஒரு பெட்டியை எங்கேயோ ஒளித்துவைத்து, அந்த இடத்தின் அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் உலகத்துக்கு அறிவித்துவிடுகிறார். முன்பின் தெரியாத மற்றொருவர் அந்த எண்களைக் கைப்பேசியிலோ அதற்கென்று உள்ள கருவியிலோ பதித்துக்கொண்டு, அந்த இடத்துக்குப் போய்த் தேடிக் கண்டுபிடித்து, உள்ளே இருக்கும் குறிப்பேட்டில் கையெழுத்திட்டுவிட்டு, பெட்டியை இருந்தபடியே வைத்துவிட்டு வருகிறார். பெட்டி சற்றுப் பெரியதாக இருந்தால் அதற்குள் சிறுசிறு பண்டங்களும் இருக்கும். அவற்றில் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அதற்குச் சமமான அல்லது அதைவிட மேலான ஒன்றை வைத்துவிட வேண்டும். விதிகள் அவ்வளவுதான். மணலை நீளமாகக் குவித்து, அதற்குள் ஒரு துரும்பை மறைத்துவைத்து, எதிரில் இருப்பவர் இரண்டு கைகளையும் கோத்துப் பொத்தி அது இருக்குமிடத்தைச் சொல்லும்படி கிச்சுக்கிச்சுத் தாம்பாளம் ஆடியவர்கள் நாம். ஆகையால் இதன் ரசம் நமக்கு யாரும் சொல்லித்தந்து தெரிய வேண்டியதில்லை. அங்கே மணற்குவியல் ஒரு முழ நீளம். இங்கே பூமி முழுவதுமே மணற்குவியல்.

இது தோன்றிய விதம் சுவையானது. அமெரிக்க ராணுவத்துக்காக ஏற்பட்ட ஜி.பி.எஸ். துணைக்கோள்களின் சமிக்ஞைகளைப் பொதுஜனங்களும் பெறலாம் என்றாலும், அவர்களுக்குக் கிடைக்கும் சமிக்ஞையில் வேண்டுமென்றே ஒரு பிழையைக் கலந்துவைத்திருந்தார்கள். அதனால் நின்ற இடத்தை 100 மீட்டர் வரை தப்பாகக் காட்டிவிடும். 2000-ஆம் வருஷம் மே மாத ஆரம்பத்தில், ஜனாதிபதி கிளிண்டனின் உத்தரவின்படி அந்தப் பிழை நீக்கப்பட்டது. ஒரே இரவில் உலகத்திலுள்ள கருவிகளெல்லாம் பல மடங்கு நுட்பம் அடைந்துவிட்டன. மே 3-ஆம் தேதி, ஆரிகன் மாகாணத்தில் போர்ட்லண்டுக்கு அருகிலுள்ள பீவர்கிரீக் என்ற ஊர்ப்புறத்தில், டேவ் அல்மர் என்பவர் இந்தப் புதிய நுட்பத்தைச் சோதிக்க விரும்பி, ஒரு கறுப்பு பிளாஸ்டிக் வாளியைப் பாதி மண்ணில் புதைத்து, அதில் சில புஸ்தகங்கள், கணிப்பொறி மென்பொருள், ஒரு கவண், ஒரு டப்பா அவரை முதலியவற்றைப் போட்டுவைத்து, அந்த இடத்தின் எண்களை வெளியிட்டார். சில தினங்களுக்குள் மைக் டீக் என்பவர் அதைக் கண்டுபிடித்துவிட்டார். அந்த மாத முடிவுக்குள் விளையாட்டுக்குப் பெயரும் வைத்தாகிவிட்டது. இன்று 190-க்கு மேற்பட்ட தேசங்களில் முப்பது லட்சத்துக்கும் அதிகமான மறைபெட்டிகள் இருக்கின்றன. அல்மர் செய்த இரண்டு காரியங்களை, பெட்டியைப் புதைப்பதையும் அதற்குள் தின்பண்டம் வைப்பதையும், பின்னால் வந்த விதிகள் தடைசெய்துவிட்டன என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். புதைத்தால் தேடுகிறவர்கள் நிலத்தைத் தோண்டிக் கெடுப்பார்கள். தின்பண்டம் வைத்தால் பிராணிகள் வந்துவிடும்.

பாகை (டிகிரி), கலை (மினிட்) என்று நம் பஞ்சாங்கக்காரர்கள் வானத்தை அளக்கும் கணக்கைத்தான் இந்த விளையாட்டுக்காரர்கள் பூமிக்கு உபயோகிக்கிறார்கள். ஓசூர் நகரம் சுமாராக வட அட்சம் 12 பாகை 44 கலையிலும், கீழ்த் தீர்க்கம் 77 பாகை 49 கலையிலும் இருக்கிறது. அட்சரேகையில் ஒரு கலை என்பது தரையில் 1.85 கிலோமீட்டர். அந்தக் கலையை ஆயிரம் பங்காக்கி ஒரு பங்கு வரை குறித்துவிட்டால், இரண்டு மீட்டருக்குட்பட்ட இடம், அதாவது ஒருவர் கையை நீட்டிப் படுத்தால் கொள்ளும் இடம், தெரிந்துவிடுகிறது. மறைபெட்டியின் முகவரி இந்த மூன்று தசம ஸ்தானங்களோடுதான் எழுதப்படுகிறது. கைப்பேசியோ நான்கைந்து மீட்டர் முன்னே பின்னே காட்டும். ஆகவே எண்கள் நம்மை மரத்தடி வரையில் கொண்டுபோய் விட்டுவிடும், அதற்குப் பிறகு கண்ணும் கையும்தான் தேட வேண்டும். அந்தக் கடைசி நான்கைந்து மீட்டரில்தான் விளையாட்டின் உயிர் இருக்கிறது.

கைப்பேசி நம் இடத்தை அறிவது எப்படி? சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றிவரும் துணைக்கோள்கள் ஒவ்வொன்றும், 'இப்போது மணி இன்னது, நான் இருக்குமிடம் இன்னது' என்று ஓயாமல் அறிவித்துக்கொண்டிருக்கின்றன. அந்தச் செய்தி நம் கைக்கு வந்து சேர எவ்வளவு நேரம் ஆயிற்று என்பதைக்கொண்டு தூரம் கணக்கிடப்படுகிறது. குறைந்தது நான்கு துணைக்கோள்களின் தூரம் கிடைத்தால் நாம் நிற்குமிடம் தீர்மானமாகிவிடும். ஆகவே எல்லாம் கடிகாரத்தில் அடங்கியிருக்கிறது. ஒரு விநாடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு தப்பினால் இடம் 300 மீட்டர் தப்பிவிடும். துணைக்கோள்களில் உள்ள கடிகாரங்கள், நம் கடிகாரங்களோடு ஒப்பிட, நாள் ஒன்றுக்கு ஒரு விநாடியில் பத்து லட்சத்தில் 38 பங்கு வேகமாக ஓடும் என்று ஐன்ஸ்டீனின் கொள்கை சொல்கிறது. அந்த வித்தியாசத்தையும் முன்கூட்டியே கழித்துத்தான் அவற்றை அமைத்திருக்கிறார்கள். டைட்டன் கம்பெனி தன் முதல் கைக்கடிகாரத் தொழிற்சாலையை நிறுவிய ஊர் ஓசூர். நுண்ணிய பற்சக்கரங்களைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துப் பொருத்திப் பழகிய ஆயிரமாயிரம் கைகள் அங்கே இருக்கின்றன. நேரத்தை அளந்தே இடத்தை அறியலாம் என்ற தத்துவம் அந்த ஊர்க்காரர்களுக்கு மற்றவர்களைவிடச் சீக்கிரத்தில் விளங்கும் என்று நினைக்கிறேன்.

இடத்தை நுட்பமாக அளக்கும் வித்தைக்கும் நம் பக்கத்து மலைகளுக்கும் சம்பந்தம் இன்று நேற்று ஏற்பட்டதல்ல. 1802-ஆம் வருஷம் ஏப்ரல் மாதம் சென்னை பரங்கிமலைக்கு அருகில் ஆதாரக்கோடு ஒன்றை அளந்து, அதிலிருந்து குன்றுக்குக் குன்று முக்கோணம் முக்கோணமாகக் கணக்கிட்டுக்கொண்டு, கிழக்குத் தொடர்ச்சி மலைகளைக் கடந்து மைசூர்ப் பீடபூமிக்கு ஏறிய நில அளவையாளர் வில்லியம் லாம்டன், 1804-இல் பெங்களூருக்கு அருகில் அத்தகைய மற்றொரு ஆதாரக்கோடு ஒன்றைச் சங்கிலியால் அளந்து சரிபார்த்தபோது, கணக்குக்கும் அளவுக்கும் இருந்த வித்தியாசம் சில அங்குலங்களே. சங்கிலியையும் கோணம் அளக்கும் தியோடலைட்டையும் வைத்துக்கொண்டு அவர் சாதித்ததை எண்ணிப் பார்க்கையில் எனக்கு இன்றும் பிரமிப்பு ஏற்படுகிறது.

இனி அந்தப் பழைய ரயில்பாதைக்கு வருகிறேன். சேலம் ஜில்லாவை அந்நாளில் தலகாட், பாராமகால், பாலகாட் என்று மூன்று பிரிவுகளாகச் சொல்வது வழக்கம். தருமபுரியும் கிருஷ்ணகிரியும் பாராமகால். மலைக்கு மேலே, கடல்மட்டத்துக்கு ஏறக்குறைய 3000 அடி உயரத்தில் இருக்கும் ஓசூர் பாலகாட். சென்னையிலிருந்து மேற்குக் கடற்கரைக்குப் போன பெரிய ரயில்பாதை 1860-களின் தொடக்கத்திலேயே திருப்பத்தூர், மொரப்பூர் வழியாகப் போய்விட்டது. 1864-இல் பெங்களூருக்குப் போட்ட பாதையோ ஜோலார்பேட்டையிலிருந்து குப்பம், பங்காருபேட்டை வழியாகப் போய்விட்டது. இரண்டுக்கும் நடுவில் அகப்பட்ட இந்தப் பிரதேசம் ரயிலின் சப்தம்கூடக் கேளாமல் கிடந்தது. அந்நிலையில் 1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சம் வந்தது. 1871-இல் பத்தொன்பதரை லட்சத்துக்கு மேலிருந்த சேலம் ஜில்லா ஜனத்தொகை, 1881-இல் பதினாறு லட்சமாகக் குறைந்திருந்தது என்ற ஒரு கணக்கைச் சொன்னால் போதும். வேறிடத்தில் தானியம் இருந்தும், அதை மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டுவர, வழியிலே மாட்டுக்குத் தீனி இல்லை. அப்படியே கொண்டுவந்தாலும் வண்டி வருவதற்குள் உயிர்கள் போய்விட்டிருக்கும். பஞ்சத்தின் பின்னர் ஏற்பட்ட கமிஷன், பஞ்சப் பிரதேசங்களுக்கெல்லாம் ரயில்பாதை வேண்டும் என்று வற்புறுத்தியது. லாபத்தை எதிர்பாராமல் உயிரைக் காப்பதற்கென்று போடப்பட்ட அத்தகைய 'பஞ்சப் பாதுகாப்பு' பாதைகளைச் சேர்ந்தவைதான் கிருஷ்ணகிரிக்கும் தருமபுரிக்கும் போடப்பட்டவை. ஆரம்பத்தில் மதராஸ் ரயில்வேயிடம் இருந்த இவை, 1908 முதல் தென்னிந்திய ரயில்வேயின் நிர்வாகத்துக்கு வந்தன.

இரண்டு தண்டவாளங்களுக்கும் இடையே இரண்டரை அடிதான். இன்றைய அகலப்பாதை ஐந்தரை அடி. பாதி அகலம்கூட இல்லாத பாதை என்றால் பெட்டியும் சிறிது, என்ஜினும் சிறிது, வேகமும் சிறிது. ஆனால் குறுகிய பாதைக்குச் சில சௌகரியங்கள் உண்டு: குன்று எதிர்ப்பட்டால் அதைக் குடைந்துகொண்டு போகவேண்டியதில்லை, வளைந்து சுற்றிக்கொண்டு போய்விடலாம், அதற்கு வேண்டிய மண்மேடும் பாலமும் சிறியவை, செலவும் குறைவு. இலங்கையில் கொழும்பிலிருந்து ரப்பர்த் தோட்டங்களுக்குப் போன களனிப் பள்ளத்தாக்குப் பாதையும் இதே இரண்டரை அடி அகலத்தில்தான் முதலில் போடப்பட்டது. ஓசூருக்கு அருகே தொரப்பள்ளியில் 1878-இல் பிறந்த ராஜாஜி சிறுவனாக இருந்தபோது ஓசூருக்கு ரயில் கிடையாது; அந்தச் சின்ன ரயில் ஓசூருக்கு வந்து சேர்ந்த காலத்தில் அவர் சேலத்தில் வக்கீலாக இருந்தார்.

பஞ்சத்துக்காகப் பிறந்த பாதை போருக்காக மடிந்தது. பஸ்கள் வந்து பிரயாணிகளை இழுத்துக்கொண்டதனால் ஏற்கெனவே நஷ்டத்தில் நடந்த கிளைப்பாதைகள் பலவற்றை, போர்க்காலத்து இரும்புத் தேவையை உத்தேசித்து, இந்தியா முழுவதிலும் சர்க்கார் மூடிற்று. இந்தப் பாதைகளுக்கும் அந்தக் கதியே நேர்ந்தது. கிருஷ்ணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறையில் அகழ்ந்தெடுத்த பொருள்களைக்கொண்டு தமிழ்நாட்டில் இரும்பின் உபயோகம் 4200 வருஷங்களுக்கு முற்பட்டது என்று 2022-இல் அறிவித்தார்கள். அத்தனை பழமையான இரும்பைத் தன் வயிற்றில் காப்பாற்றி வைத்திருந்த மண்ணால், முப்பது நாற்பது வருஷத்துத் தண்டவாளத்தைக் காப்பாற்றிக்கொள்ள முடியவில்லை. சுதந்திரத்துக்குப் பிறகு சேலத்திலிருந்து தருமபுரி, ஓசூர் வழியாக பெங்களூருக்கு மீட்டர் பாதை போடப்பட்டு, அதுவும் பின்னர் அகலப்பாதை ஆயிற்று. மொரப்பூருக்கும் தருமபுரிக்கும் இடையே புதிய அகலப்பாதைக்கு 2019-இல் அடிக்கல் நாட்டினார்கள். கிருஷ்ணகிரி மட்டும் காத்துக்கொண்டிருக்கிறது.

தண்டவாளம் போனாலும் பாதை முழுவதும் போய்விடுவதில்லை. ரயில் போன வழியைப் பழகிய கண்ணுக்கு நிலமே காட்டிக்கொடுத்துவிடும். மாட்டுவண்டித் தடம் மேட்டைக் கண்டால் ஏறும், பள்ளத்தைக் கண்டால் இறங்கும். ரயில்பாதையோ மேட்டை வெட்டியும் பள்ளத்தை நிரப்பியும் எப்பொழுதும் ஒரே சீரான சரிவில்தான் போகும். வயலுக்கு நடுவே காரணமில்லாமல் நீளமாக ஓடும் ஒரு மண்மேடு, அதன் இரு பக்கத்திலும் மண் எடுத்த பள்ளங்கள், திடீர்த் திருப்பம் இல்லாமல் பெரிய வில்போல வளையும் வரப்பு, ஆள்நடமாட்டமே இல்லாத ஓர் ஓடையின் குறுக்கே செதுக்கிய கல்லால் கட்டிய சின்ன மதகு, சர்வே நகலில் ஒரே அகலத்தில் நீண்டு போகும் புறம்போக்குத் துண்டு, இவையெல்லாம் சாட்சிகள். ராயக்கோட்டை நிலையத்தில் இறங்கிக் கோட்டை மலையை அண்ணாந்து பார்த்துவிட்டு, இந்தச் சாட்சிகளில் ஒன்றையேனும் தேடிக்கொண்டு ஒருவர் ஒரு மணி நேரம் நடப்பாரானால், அந்தப் பிரதேசத்தை அவர் அறிந்துகொள்வது போலக் காரில் நூறு தடவை போனவரும் அறிந்திருக்க மாட்டார்.

அப்படி நடக்கச் செய்வதற்குத்தான் மறைபெட்டி. பழைய பாதை போன தடத்தில், பாதுகாப்பான ஏழெட்டு இடங்களில், ஒவ்வொரு எவர்சில்வர் டப்பாவை வைத்து, ஒவ்வொன்றிலும் அந்த இடத்துக்குரிய கதையை ஒரு பக்கத்தில் எழுதிவைத்தால் என்ன? மொரப்பூரில் கிடைக்கும் டப்பாவில் பஞ்சத்தின் கதை. ராயக்கோட்டை டப்பாவில் வண்டி மலையேறிய கதை. கிருஷ்ணகிரியில் கடைசி வண்டியின் கதை. ஒரு டப்பாவில் அடுத்த டப்பாவின் எண்களில் பாதி இருக்கும்படி செய்துவிட்டால், பிள்ளைகள் ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாமே போய்ச் சேர்வார்கள். புஸ்தகத்தில் படித்த வருஷம் மறந்துபோகும். முள்ளில் கை கீறித் தேடியெடுத்த டப்பாவில் படித்த வருஷம் மறக்காது.

ஆனால் இதைச் செய்கிறவர்கள் சில விஷயங்களில் மிகவும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். முதலாவது, இப்போது ரயில் ஓடும் தண்டவாளத்துக்கு அருகே பெட்டி வைக்கவே கூடாது. விளையாட்டின் விதியும் அதுதான். நம் சட்டமும் அதுதான். தண்டவாளத்தில் அத்துமீறி நுழைபவருக்கு ஆறு மாதம் வரை சிறைத்தண்டனை விதிக்கச் சட்டம் இடமளிக்கிறது; சட்டத்தைக் காட்டிலும் பெரிய விஷயம், தேடுவதில் மெய்ம்மறந்திருக்கும் குழந்தைக்கு வண்டி வரும் சப்தம் கேட்காது. பழைய பாதையும் புதிய பாதையும் நெருங்கி ஓடும் இடங்களை அடியோடு விட்டுவிட வேண்டும். ரயில் நிலையம், தொழிற்பேட்டை மதில், எல்லைச் சோதனைச்சாவடி, பாலத்தடி ஆகிய இடங்களும் ஆகாதவை. கேட்பாரற்றுக் கிடக்கும் பெட்டியைக் கண்டால் தொடாதீர்கள், போலீசுக்குச் சொல்லுங்கள் என்று ஒலிபெருக்கியில் கேட்டுக் கேட்டுப் பழகிய ஜனங்கள் நாம். ஒரு டப்பாவால் ஊர் முழுவதும் பீதி அடையக்கூடாது. ஆகவே உள்ளே இருப்பது வெளியே தெரியும்படியான டப்பாவாகவோ, அல்லது இது இன்ன விளையாட்டுக்காக வைத்தது என்று வெளியில் எழுதி ஒட்டியதாகவோ இருக்க வேண்டும். தமிழும் கன்னடமும் தெலுங்கும் ஒரே டீக்கடையில் புழங்குகிற பிரதேசமாதலால் மூன்றிலும் எழுதுவது நல்லது. நிலத்துக்கு உடையவரிடம் அனுமதி கேட்க வேண்டும். ஒரு பெட்டிக்கும் அடுத்ததற்கும் 161 மீட்டராவது இடைவெளி வேண்டும். ராயக்கோட்டை போன்ற பாதுகாக்கப்பட்ட கோட்டைகளின் கல்லிடுக்கில் எதையும் செருகக் கூடாது.

யானையையும் மறந்துவிடக் கூடாது. ராகி முற்றும் பருவத்தில் பன்னர்கட்டா காடுகளிலிருந்து யானைக் கூட்டங்கள் தேன்கனிக்கோட்டை, ஓசூர்ப் பக்கத்துக் காடுகளுக்கு வந்து, இரவில் வயல்களில் இறங்குவது வருஷந்தோறும் நடப்பது. காட்டோரத்தில் பெட்டி வைப்பதும், பொழுது சாய்ந்த பிறகு தேடப் போவதும் வேண்டாம். வைத்த பெட்டியை வைத்தவரே மழைக்கு முன்பும் பின்பும் போய்ப் பார்த்துவர வேண்டும். ஈரம் இறங்கினால் குறிப்பேடு கூழாகிவிடும், கறையான் ஏறினால் ஒரு வாரத்தில் காகிதம் மண்ணாகிவிடும். எண்களை அறிவித்துவிட்டுப் பெட்டியைப் பராமரியாமல் விடுவது, விருந்துக்கு அழைத்துவிட்டு வீட்டைப் பூட்டிக்கொண்டு போவதற்குச் சமம்.

ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரிப் பள்ளிகளின் சரித்திர ஆசிரியர்களையும் பூகோள ஆசிரியர்களையும் நான் கேட்டுக்கொள்வது இதுதான். அட்சரேகை, தீர்க்கரேகை, பஞ்சம், போர், எல்லாம் உங்கள் பாடப்புஸ்தகத்தில் தனித்தனி அத்தியாயங்களாக இருக்கின்றன. உங்கள் ஊர்ப் பாதையில் அவை ஒன்றாகக் கிடக்கின்றன. ஒரு சனிக்கிழமை காலையில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போய் அந்த மண்மேட்டைக் காட்டுங்கள். பெட்டிக்குள் வைக்க வேண்டிய கதையை மட்டும் தாமதியாமல் சேகரியுங்கள். அந்தச் சின்ன ரயிலில் தாயின் மடியில் உட்கார்ந்து போனவர்கள், அதன் ஊதல் கேட்டு வாசலுக்கு ஓடிவந்தவர்கள், இன்று தொண்ணூறு வயதை நெருங்கியவர்களாகவும் கடந்தவர்களாகவும் இருக்கிறார்கள். உங்கள் தெருவில் அப்படி ஒரு பாட்டியோ தாத்தாவோ இருந்தால், இந்த வாரமே ஒரு நோட்டுப் புஸ்தகத்தை எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுத் திண்ணைக்குப் போங்கள்.